மலேரியாவின்போது உதவி டி கலங்கள் என்ன செய்கின்றன?

ஹட்டனிலிருந்து உகண்டாவுக்கு வேலைக்குச் சென்ற உங்கள் அண்ணனுக்கு மலேரியா வந்து குணமாகிவிட்டது, இனி வராதல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். மீண்டும் வரலாம்.

ஒட்டுண்ணி ஈரலை விட்டுச் செங்குருதிக் கலங்களுக்குள் புகுந்ததும், மண்ணீரலில் உதவி டி கலங்கள் (பிற எதிர்ப்புக் கலங்களை வழிநடத்தும் வெண்குருதிக் கலங்கள்) பெருகி, இன்டர்பெரோன் காமா என்னும் சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து, கிருமிகளை விழுங்கும் பெருவிழுங்கிக் கலங்களை ஏவுகின்றன. இடது விலாவின் கீழ் மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதே கலங்களில் பல, பின்னர் இன்டர்லியூகின் 10 என்னும் மற்றொரு சமிக்ஞைப் புரதத்தையும் சுரந்து, சொந்த இழையங்கள் சிதையாதபடி அழற்சியைத் தணிப்பது எனக்கு என்றும் வியப்பளிக்கிறது. உதவி டி கலங்களின் வேறொரு பிரிவு, பீ கலங்கள் என்னும் வெண்குருதிக் கலங்கள் பிறபொருளெதிரிகளை உருவாக்க உதவுகிறது. ஆனால் தொடக்க அழற்சி மிகையானால் அவ்வுதவி குன்றுகிறது, ஒட்டுண்ணியும் தன் புரதங்களை மாற்றிக்கொள்கிறது; அதனால்தான் ஒருமுறை குணமானாலும் மீண்டும் வரலாம்.

இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. மலையகத்தில் வளர்ந்தவரின் கலங்களுக்கு இந்த ஒட்டுண்ணி பெரும்பாலும் புதியது. ஆகவே, மறுபடி காய்ச்சல் கண்டால் அன்றே குருதிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.