விபூதி போட்டுத் தேய்த்த ரூபாய்க்கு கிரேடிங் எதற்கு?

பழங்காசு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆத்தூர் வாசகர்: தாத்தா விட்டுப்போன 1911ஆம் வருட ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாய் ஒன்று என்னிடம் இருக்கிறது. அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் (தரம் பார்த்து எண் கொடுப்பது) செய்து, ஸ்லாபில் (மூடி ஒட்டிய பிளாஸ்டிக் கூட்டில்) போட்டுக்கொண்டு வந்தால் பல மடங்கு விலை போகும் என்கிறார் ஒருவர். அனுப்பி வைக்கக் கட்டணமும் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். முதல் காரணம் சட்டம். 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் தாண்டிய காசு தொல்பொருள். மத்திய அரசோ, அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. "பார்சல் மேல் வேறு ஏதாவது எழுதி அனுப்பிவிடலாம், திரும்பித்தானே வரப்போகிறது" என்பார்கள். பிடிபட்டால் காசும் போகும், வழக்கும் வரும். தாத்தா கொடுத்த காசை அப்படி இழக்கலாமா?

உங்கள் காசைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். சேகரிப்பவர்கள் அதைப் 'பன்றி ரூபாய்' என்பார்கள். மன்னரின் அங்கியில் ஒரு குட்டி யானை உண்டு. 1911இல் தும்பிக்கையைக் குட்டையாகச் செதுக்கியதால் அது பன்றி மாதிரி தெரிகிறது என்று முஸ்லிம்கள் ஆட்சேபித்தார்கள். அரசு காசைத் திரும்பப் பெற்று உருக்கியது. 1912இலிருந்து யானையைத் திருத்திப் போட்டார்கள். அதனால்தான் 1911க்கு மற்ற வருடங்களைவிட மதிப்பு. பூதக்கண்ணாடியில் அந்த யானையைப் பாருங்கள். தும்பிக்கை, காது எல்லாம் தெளிவாகத் தெரிந்தால் நல்ல காசு. வழவழவென்று தேய்ந்திருந்தால் ஸ்லாப் வந்து அதை மீட்டுத் தராது.

சரி, கிரேடிங் எதற்காக வந்தது? முன்பெல்லாம் வியாபாரி சொன்னதுதான் தரம். விற்கும்போது "அடித்த கையோடு எடுத்த காசு" என்பார். அதே காசை நாம் திருப்பிக் கொடுக்கப் போனால் "தேய்ஞ்சிருக்கே" என்பார். இந்தச் சண்டைக்கு முடிவு கட்டத்தான் அமெரிக்காவில் 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்ற நிறுவனங்கள் தொடங்கின. வாங்கவும் விற்கவும் செய்யாத மூன்றாவது ஆள் காசைப் பார்த்து, அசலா என்று சொல்லி, 1 முதல் 70 வரை ஒரு எண் கொடுத்து, பிளாஸ்டிக் கூட்டில் மூடி ஒட்டிவிடுவார். அந்த எண் முறை 1949இல் ஷெல்டன் என்பவர் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்தது. 60உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு.

கிரேடிங் தூரத்துக்கான ஏற்பாடு. நீங்களும் நானும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து காசைப் புரட்டிப் பார்க்கும்போது நடுவில் மூன்றாவது ஆள் தேவையே இல்லை. காசைக் கையில் எடுக்காமல் வாங்கும்போதுதான் அவர் தேவைப்படுகிறார். எனக்கே ஒரு தடவை நடந்தது. படத்தை மட்டும் பார்த்து வெளியூர்க்காரர் ஒருவரிடம் விக்டோரியா அரை ரூபாய் வாங்கினேன். படத்தில் ஜொலித்தது. கையில் வந்ததும் விளக்கடியில் சாய்த்தேன். முகமெல்லாம் மயிரிழைக் கீறல், பாலிஷ் போட்ட காசு. கேட்டதற்கு "வெள்ளி சுத்தமா இருக்கே" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை, ஆனால் நான் கொடுத்த விலை வெள்ளிக்கு மட்டும் இல்லையே. அன்றைக்கு அது ஸ்லாபில் இருந்திருந்தால், சுத்தம் செய்த காசு என்பது லேபிளிலேயே இருந்திருக்கும். அப்படிப்பட்ட காசுகளுக்கு எண் கொடுக்காமல் 'டீடெயில்ஸ்' என்று எழுதிக் காரணத்தையும் போடுவார்கள்.

ஆனாலும் அந்த எண் ஒரு கருத்துதான். ஸ்லாபை உடைத்து, அதே காசைத் திரும்ப அனுப்பி, கூடுதல் எண் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 58 வாங்கிய காசு 60 வாங்கியதைவிட அழகாக இருப்பதும் சகஜம். 58இல் இலேசான தேய்மானம் மட்டும் இருக்கும், 60இல் தேய்மானம் இருக்காது, ஆனால் மூட்டையில் உரசிய காயம் நிறைய இருக்கும். அதனால் எண்ணைப் பார்ப்பதற்கு முன் காசைப் பாருங்கள்.

உங்கள் 1911ஐ இங்கேயே ஏலம் நடத்துகிறவர்களிடம் காட்டுங்கள். ஒருவர் சொல்வதோடு நிற்காமல், இரண்டு மூன்று பேரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அம்மாப்பேட்டை வாசகி: என் கணவர் 1939ஆம் வருட ஒரு ரூபாய் வாங்கியிருக்கிறார். கொலுசுப் பட்டறையில் டச் (வெள்ளியின் சுத்தம்) பார்த்தோம், வெள்ளி சரியாக இருக்கிறது. அதற்கு மேலும் கிரேடிங் வேண்டுமா?

அம்மா, உங்கள் காசுக்குக் கட்டாயம் வேண்டும். நம் ஊரில் வெள்ளி தெரியாதவர் குறைவு. என் அப்பாவும் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர்தான். விக்டோரியா ரூபாயைக் கையில் எடுத்ததும் "ஒரு தோலா, 91.7 டச்" என்று சொல்லிவிடுவார். 11.66 கிராம், அவர் கணக்கு சரி. ஆனால் டச் சொல்வது உலோகத்தை மட்டும். அதே காசில் யாராவது கை வைத்திருந்தால் அதை டச் சொல்லாது.

1939 ரூபாய் மிக அரிது, 1938 அப்படி இல்லை. 1938இல் உள்ள 8ஐச் செதுக்கி 9 ஆக்கிவிடுகிறார்கள். அந்தக் காசின் வெள்ளி அசல், எடை அசல், நாணயச்சாலையில் அடித்ததும் அசல். கடைசி ஒரு எண் மட்டும் பொய்! அந்த 9ஐப் பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கள். அதைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பு மற்ற எண்களைச் சுற்றியுள்ளது மாதிரியே இருக்கிறதா, கீறலோ பள்ளமோ தெரிகிறதா என்று கவனியுங்கள். உரைகல்லில் மட்டும் தேய்த்துவிடாதீர்கள், ஒரு கோடு போட்டாலும் காசு பாழ்.

இதற்கு 100 வயது ஆகவில்லை, அதனால் மேலே சொன்ன தொல்பொருள் சட்டம் குறுக்கே வராது. சுங்க விதிகளைக் கேட்டுவிட்டு முறைப்படி அனுப்பலாம். கட்டணமும் தபால் செலவும் ஆனாலும், இந்த ஒரு காசுக்கு அது தகும். பொய் என்று வந்தால், விற்றவரிடம் திரும்பப் போய் நிற்க ஒரு ஆதாரமாவது கையில் இருக்கும்.

ஓமலூர் வாசகர்: பாட்டியின் பீரோவில் 40 வெள்ளி ரூபாய்கள் கறுத்துக் கிடந்தன. பெரும்பாலும் 1944, 1945. தேய்த்துப் பளபளப்பாக்கி, எல்லாவற்றையும் கிரேடிங்குக்குக் கொடுக்கலாமா?

தேய்க்காதீர்கள். இன்னும் தேய்க்கவில்லை என்றால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், அப்படியே வைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் 1862 விக்டோரியா ரூபாய் மூன்று இருந்தன. அப்பா உருக்க வந்த காசுகளிலிருந்து மனசு வராமல் எடுத்து வைத்தவை. அம்மா வெள்ளிக்கிழமை தோறும் குத்துவிளக்கோடு சேர்த்து அவற்றையும் புளி போட்டுக் கழுவி, விபூதி போட்டுத் தேய்ப்பார். லட்சுமிக்கு வைக்கிற காசு கறுத்திருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். ராணியின் கிரீடமும் சட்டையில் உள்ள பூவேலையும் வருடா வருடம் மழுங்கின. அந்த மூன்றும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. எந்த நிறுவனத்துக்கு அனுப்பினாலும் 'டீடெயில்ஸ்' என்றுதான் வரும். எனக்கு அவை அம்மாவின் கைபட்ட காசுகள், அனுப்பவே மாட்டேன்.

புதுக்காசின் மேல் ஓர் ஒளி உண்டு. விளக்கடியில் சாய்த்தால் வண்டிச்சக்கரத்து ஆரக்கால் மாதிரி அது சுற்றி ஓடும். அச்சு விழும்போது உலோகம் ஓடிய நுண்ணிய வரிகள்தான் அந்த ஒளி. தேய்த்தால் வரி போய்விடும். அதற்குப் பிறகு எவ்வளவு பளபளத்தாலும் அந்தச் சக்கரம் ஓடாது. உங்கள் காசுகளின் கறுப்புக்கு அடியில் அது இன்னும் இருக்கலாம்.

1940இலிருந்து ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1944, 1945 ஏராளமாகக் கிடைக்கும் வருடங்கள். சாதாரணமாகத் தேய்ந்த காசுக்கு கிரேடிங் கட்டணம் காசின் விலையையே தாண்டிவிடும். நாற்பதையும் சாய்த்துப் பாருங்கள், சக்கரம் ஓடுகிற இரண்டு மூன்றை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

ஏற்காடு வாசகர்: எங்கள் எஸ்டேட் வீட்டில் ஈரப்பதம் அதிகம். செப்புக் காசுகளில் பச்சை படிகிறது. ஸ்லாபில் போட்டால் நின்றுவிடுமா?

நிற்காது. ஸ்லாப் விரல் படாமல், கீறல் விழாமல் காக்கும். காற்று முழுவதுமாகப் புகாத கூடு இல்லை அது, மலைப் பனிக்காலத்து ஈரம் மெல்ல உள்ளே போகும். முதலில் நீங்கள் எதில் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். மெதுமெதுவென்று வளைகிற பி.வி.சி. ஆல்பம் என்றால் பச்சைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். இன்றைக்கே காசுகளை வெளியே எடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். மழைக்காலத்தில் பொட்டலத்தை அடிக்கடி மாற்றுங்கள்.

சேலம் வாசகர்: ஸ்லாபில் உள்ள காசு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

ஸ்லாபையே போலியாகச் செய்கிறார்கள். லேபிளில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, போலிக்காரர் நிஜ எண்ணையே திருடிப் போட்டிருப்பார். தளத்தில் படம் இருந்தால், ஒரு கீறலையோ கறையையோ அடையாளம் வைத்துக்கொண்டு உங்கள் கையில் உள்ள காசிலும் அது அதே இடத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.