அண்டர்கட் என்றால் குறையா, தேவையா?

"அண்டர்கட்" என்ற ஒரே சொல்லைப் பற்றி ஐந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். ஐந்துக்கும் ஒரே தமிழ்ச்சொல் கேட்டால் என்னால் தர முடியாது. அடியில் வெட்டுவது என்பது பொது. எதன் அடியில், யார் வெட்டுகிறார் என்பதில்தான் பொருள் மாறுகிறது.

கரூரில் பஸ் பாடி பட்டறையில் வெல்டராக இருக்கிறேனுங்க. "அண்டர்கட் விழுந்திருக்கு, மறுபடி போடு" என்று திருப்பிவிட்டார்கள். பீடு (வெல்டு உருகி உறைந்த மேடு) வரிவரியாக நன்றாகத்தான் இருக்கிறது.

பீடை விடுங்க, அதன் ஓரத்தைப் பாருங்க. கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டுவிட்டு, தகட்டிலிருந்து பீடை நோக்கி விரல் நகத்தை இழுங்க. பீடு ஏறுவதற்குச் சற்று முன் நகம் ஒரு சின்னப் பள்ளத்தில் மாட்டினால் அதுதான் அண்டர்கட். ஆர்க், அதாவது ராடு நுனியில் எரியும் மின்பொறி, தகட்டை உருக்கிவிட்டது. உருகிய இடத்தை ராடு நிரப்பவில்லை. அந்தக் கோட்டில் தகடு மெலிந்து நிற்கும். வண்டி குலுங்கக் குலுங்க விரிசல் அங்கேதான் பிறக்கும்.

ஆம்பியர் அதிகம், ஆர்க் நீளம், கை வேகம், ராடின் சாய்வு: பெரும்பாலும் இந்த நான்கில்தான் காரணம் இருக்கும். முதலில் ஆம்பியரைக் குறைத்துப் பாருங்க. விழுந்த பள்ளத்தைச் சுத்தம் செய்து, சின்ன ராடால் மெல்லிய ஓட்டம் ஒன்று கொடுத்தால் நிரம்பிவிடும். எவ்வளவு வரை தாங்கும் என்பதற்கு ஒரு அளவு சொல்கிறேன். கட்டட எஃகுக்கான அமெரிக்க டி1.1 விதி, 25 மி.மீ.க்குக் குறைந்த தகட்டில் பொதுவாக 1 மி.மீ. ஆழம் வரை விடுகிறது. முக்கிய உறுப்பில் இழுவிசைக்குக் குறுக்கே ஓடும் வெல்டுக்கு 0.25 மி.மீ.தான். உங்களைத் திருப்பிவிட்டவர் நல்லதுதான் செய்திருக்கிறார்.

கோவையில் ஐடிஐ படிக்கிறேன். வெல்டிங் படிக்கும் அண்ணன் அண்டர்கட் தப்பு என்கிறார். எங்கள் லேத் டிராயிங்கிலோ அண்டர்கட் போடு என்று இருக்கிறது!

இரண்டும் சரி, தம்பி. ஷாஃப்ட்டில் குறுக்களவு கூடும் ஒரு படிவரை மரை வெட்டுகிறாய். படியில் முட்டும் முன் டூல் வெளியே வர ஓர் இடம் வேண்டும். அதற்காகப் படியை ஒட்டி, மரையின் அடியாழத்தைவிடக் கொஞ்சம் ஆழமாக முன்கூட்டியே வெட்டும் காடிதான் உங்கள் அண்டர்கட். அது இருந்தால்தான் நட் படியோடு பொருந்தி உட்காரும். காடியின் மூலையைக் கூராக விடாதே. டிராயிங்கில் உள்ள ரேடியஸைக் கொடு. இல்லையென்றால் ஷாஃப்ட் அங்கேயே முறியும்.

அதே பட்டறையில் பல்சக்கரம் வெட்டும்போது இது மறுபடி குறையாகிவிடும். 20 டிகிரி அழுத்தக் கோணத்தில், பல்வடிவில் திருத்தம் எதுவும் செய்யாமல் 17-க்குக் குறைந்த பற்கள் வெட்டினால், பல் வெட்டும் கருவியான ஹாப், பல்லின் அடியையே அரித்து மெலித்துவிடும்.

திருப்பூரில் சின்ன பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். பக்கத்து யூனிட் பீஸுக்கு 4 ரூபாய் குறைத்துக் கொடுத்து ஆர்டரை எடுத்துக்கொண்டது. இதுவும் அண்டர்கட்டா? சட்டம் கேட்குமா?

ஆமாங்க, அடுத்தவர் விலைக்குக் கீழே விலை வைப்பது. அது மட்டும் குற்றமில்லை. 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் போட்டியாளரை ஒழிக்க அடக்கத்துக்கும் கீழே விற்பதைத்தான் தடுக்கிறது. சின்ன யூனிட் அதில் வராது. ஆனால் அந்த 4 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பாருங்க. கட்டிங்கில் துணி வேஸ்ட்டைக் குறைத்து வந்திருந்தால் அது திறமை, நீங்களும் கற்றுக்கொள்ளலாம். பவர் டேபிளில் உட்கார்ந்து தைப்பவரின் பீஸ் ரேட்டிலிருந்து வந்திருந்தால், தயவுசெய்து அந்த விலைக்கு நீங்கள் இறங்காதீர்கள்.

மகன் சலூனில் அண்டர்கட் வெட்டிக்கொண்டு வந்தான். ஃபேடும் அதுவும் ஒன்றா? (கோபி வாசகி)

இல்லைங்கம்மா. ஃபேடில் முடி கீழிருந்து மேலே படிப்படியாக நீளும். அண்டர்கட்டில் பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, உச்சி முடியை அப்படியே நீளமாக விடுவார்கள். நடுவில் படி இருக்காது.

தோப்பில் பட்ட வேப்பமரத்தைச் சாய்க்க வந்தவர் முதலில் அண்டர்கட் போட வேண்டும் என்றார். எந்தப் பக்கம்?

மரம் விழ வேண்டிய பக்கம். அடிமரக் குறுக்களவில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஆப்பு போல வெட்டி எடுப்பார்கள். அப்புறம் எதிர்ப்பக்கம், கொஞ்சம் மேலே தள்ளி அறுப்பார்கள். நடுவில் ஒரு பட்டை மரத்தை அறுக்காமல் விடுவார்கள், அதுதான் கீல். அதையும் அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். அறுக்கும்போது மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்க வேண்டாம், ஆடு மாட்டையும் அவிழ்த்து விலக்கிக் கட்டிவிடுங்க.