கட்சி சொன்னதுக்கு எதிரா கை உயர்த்தினா சபை உறுப்புரிமை போயிடுமா?

கேள்வி: வணக்கம் சேர். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில ஒரு பிரதேச சபை உறுப்பினர், 2025 மே தேர்தலுக்குப் பிறகு பட்டியலில வந்தனான். பாதீட்டு வாக்கெடுப்புக்கு முதல் நாள் இரவு எங்கட அமைப்பாளர் வட்ஸ்அப்பில வொயிஸ் போட்டார், எல்லாரும் எதிர்க்கோணும் எண்டு. ஆனா அந்தப் பாதீட்டிலதான் யானை வாற எங்கட றோட்டுக்குத் தெருவிளக்கும் கிரவல் வேலையும் கிடந்தது. நான் சபையில எழும்பி அதச் சொல்லிப்போட்டு ஆதரவா கை உயர்த்தினன். இப்ப 14 நாளுக்குள்ள விளக்கம் தரச்சொல்லி கட்சிச் செயலாளர் கடிதம் அனுப்பியிருக்கிறார். வேட்புமனு நேரம் திகதி போடாத ராஜினாமாக் கடிதம் ஒண்டிலயும் கையெழுத்து வாங்கினவை. என்ர பதவி போயிடுமா? இனி சபையில நான் கதைக்கலாமோ?

பதில்: தங்கச்சி, முதல்ல ஒண்டு, பயத்தில இனி ஒரு பேப்பரிலயும் கையெழுத்து வைக்காதேங்கோ. கட்சிக்கு மாறா வாக்களிச்சதால மட்டும் இலங்கையில ஒருத்தருக்கும் பதவி தன்பாட்டில போறேல்ல. யூடியூப்ல பாத்துப்போட்டு கொறடா (எப்பிடி வாக்களிக்கோணும் எண்டு கட்சிக்காகக் கட்டளை சொல்லுறவர்) சொன்னத மீறினா கதை முடிஞ்சுது எண்டு கனபேர் சொல்லுவினம், அது இந்தியாச் சட்டம், 1985இல அங்க கொண்டுவந்த பத்தாவது அட்டவணைப்படி எம்பியோ எம்எல்ஏயோ கட்சிக்கு மாறா வாக்களிச்சு கட்சி 15 நாளுக்குள்ள மன்னிக்காட்டி தகுதிநீக்கம் வரலாம். எங்கட சட்டம் வாக்கைப் பாக்கிறேல்ல, நீங்கள் இன்னும் அந்தக் கட்சியில உறுப்பினரோ எண்டதத்தான் பாக்குது.

எம்பிமாருக்கு இது அரசியலமைப்பின்ர 99(13)(அ) உறுப்புரையில இருக்கு. கட்சி நீக்கினா ஒரு மாதத்தில ஆசனம் வெற்றிடமாகும், ஆனா அந்த ஒரு மாதத்துக்குள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போனா மூண்டு நீதியரசர்கள் இருந்து கேட்டு ரெண்டு மாதத்துக்குள்ள தீர்ப்புச் சொல்லோணும், நீக்கம் பிழையெண்டா ஆசனம் தப்பும். உங்களுக்கு அந்த வசதி இல்ல. நீங்கள் வாறது உள்ளூர் அதிகாரசபைகள் தேர்தல்கள் கட்டளைச் சட்டத்தின்ர 10அ பிரிவுக்குள்ள. நீங்கள் கட்சி உறுப்பினர் இல்ல எண்டு மாவட்டத் தேர்தல் அலுவலர் திருப்திப்பட்டா வர்த்தமானியில போட்டு இடத்த வெற்றிடமாக்கிப்போடுவார். அதால எம்பிமாருக்குள்ள ஒரு மாத அவகாசம் எனக்கும் இருக்கு எண்டு நம்பி இருந்திடாதேங்கோ. நீக்கின கடிதம் வந்த உடனயே கட்சி யாப்ப, அதாவது கட்சியின்ர சட்டவிதிகள, மீறின நீக்கம் எண்டு மாவட்ட நீதிமன்றத்தில தடையுத்தரவு கேக்கிறதோ, தேர்தல் அலுவலரின்ர முடிவுக்கு எதிரா மேன்முறையீட்டு நீதிமன்றத்தில எழுத்தாணை (அதிகாரியின்ர முடிவ ரத்துச் செய்யிற ரிட் உத்தரவு) கேக்கிறதோ எண்டு அண்டைக்கே ஒரு சட்டத்தரணியோட இருந்து முடிவெடுக்கோணும்.

அடிப்படை உரிமை வழக்குப் போடுவம் எண்டு யாராவது சொல்லுவினம். கருத்துச் சுதந்திரம் 14(1)(அ)வில இருக்குத்தான், ஆனா அந்த வழக்கு அரச நிர்வாகம் செய்தத எதிர்த்துத்தான் போடலாம், கட்சி அரசாங்கம் இல்ல.

இனி உங்கட விஷயத்தின்ர பாரமான பக்கத்துக்கு வாறன். நீதிமன்றம் எந்த நேரமும் உறுப்பினரின்ர பக்கம் நிக்கும் எண்டு நினைக்கவேண்டாம். 1991இல ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரா குற்றப்பிரேரணைக்குப் போன காமினி திசாநாயக்க, லலித் அத்துலத்முதலி ஆக்கள முன்விசாரணை இல்லாமலே அவையின்ர ஐக்கிய தேசியக் கட்சி நீக்கினது, நீக்கம் செல்லும் எண்டு பெரும்பான்மை நீதியரசர்கள் தீர்த்தவை. கிட்டடியில பாத்தா நசீர் அஹமட், மட்டக்களப்பு எம்பியும் அமைச்சருமா இருந்தவர், 2022ஆம் ஆண்டுப் பாதீட்டுக்குக் கட்சி முடிவ மீறி ஆதரவா வாக்களிச்சார் எண்டு முஸ்லிம் காங்கிரஸ் நீக்க, 2023 ஒக்ரோபரில உயர் நீதிமன்றமும் அது சரியெண்டு சொல்ல ஆசனம் போச்சுது. அது முழுக்க முழுக்க உங்கட மாதிரி ஒரு பாதீட்டு வாக்கு, அதாலதான் உங்கட கடிதத்த சும்மா எடுக்காதேங்கோ எண்டு சொல்லுறன். 2024 ஓகஸ்டில அமைச்சர்மாரா இருந்த மனுஷ நாணாயக்கார, ஹரின் பெர்னாண்டோ ரெண்டு பேரின்ர நீக்கமும், காரணம் வேற எண்டாலும், செல்லும் எண்டு தீர்ப்பாகி ஆசனம் போச்சுது.

மற்றப்பக்கம் திலக் கருணாரத்ன வழக்கு இருக்கு. சுதந்திரக் கட்சிக்குள்ள ஜனநாயகம் இல்லையெண்டு வெளிப்படையா விமர்சிச்சதுக்கு அவர நீக்கினவை, அந்த நீக்கம் செல்லாது எண்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. கட்சியில சேந்தா வாய மூடவேணும் எண்டு சட்டம் சொல்லேல்ல எண்டதுக்கு நான் இண்டைக்கும் காட்டுறது அந்த வழக்கத்தான்.

அப்ப கதைக்கிறது வேற, வாக்கு வேற. நீங்கள் சபையில எழும்பி றோட்டப் பற்றியும் விளக்கப் பற்றியும் கதைச்சதுக்காக மட்டும் நீக்கினா எதிர்த்து நிக்க நல்ல இடம் இருக்கு. வாக்கு விஷயத்தில கேள்வி என்னெண்டா, உண்மையில கட்சி முடிவு எண்டு ஒண்டு இருந்ததா, அத ஆர் எடுத்தது, உங்களுக்கு எப்பிடி அறிவிச்சது. யாப்பில மத்திய குழுவோ அரசியல் குழுவோ முடிவெடுக்கோணும் எண்டு இருந்தா இரவில வந்த அமைப்பாளரின்ர வொயிஸ் கட்சி முடிவாகாது எண்டு வாதாடலாம், நான் உங்களுக்காக நிண்டா அதிலதான் முதல் நிப்பன். அந்த வொயிஸ அழிச்சுப்போடாதேங்கோ, போனையும் மாத்தாதேங்கோ.

இதில என்ர நிலைப்பாட்டையும் ஒளிக்காமச் சொல்லுறன். கட்சிக்கட்டுப்பாடு தேவை. எங்கட உள்ளூராட்சி வாக்குச்சீட்டில ஆளின்ர பேர் இல்ல, கட்சியும் சின்னமும்தான் கிடக்கு, வட்டாரத்தில வெண்டவருக்கும் அதுதான், பட்டியலில வந்த உங்களுக்கு இன்னும் கூட. சனம் சின்னத்துக்குப் போட்ட வாக்க வச்சு தவிசாளர் தெரிவு அண்டைக்கு காசுக்கோ கதிரைக்கோ மற்றப்பக்கம் போறது சனத்த ஏமாத்திறது, அப்பிடிப்பட்டவைய நீக்கினா நான் கட்சியின்ர பக்கம்தான். ஆனா கிணறு, விளக்கு, கிரவல், சந்தைக்கட்டிடம் எண்டு வாறதுக்கெல்லாம் கொழும்பிலயோ யாழ்ப்பாணத்திலயோ இருந்து கட்டளை போடுறது அநியாயம். இருட்டில யானைக்குப் பயந்து ரியூசனால வாற பிள்ளையின்ர தாய் உங்களிட்டத்தான் வந்து கேப்பா, செயலாளரிட்ட போகமாட்டா. பாதீட்ட எதிர்க்கிறது கட்சியின்ர உரிமையெண்டாலும், எதிர்க்க முதல் உறுப்பினர்மார இருத்தி வச்சுக் கதைச்சு, உங்கட ஊருக்குள்ளத என்ன செய்யிறது எண்டு கேட்டிருக்கோணும். கேக்காம விட்டுட்டு பிறகு ஒழுக்கம் எண்டு கடிதம் போடுறது சரியில்ல.

திகதி போடாத ராஜினாமாக் கடிதம்தான் எனக்கு எல்லாத்தையும் விடக் கவலை. பட்டியல் ஆசனத்த சுழற்சி முறையில குடுக்கிறம் எண்டு சொல்லி கனபேரிட்ட இப்பிடி வாங்கி வச்சிருக்கினம். நாளைக்கே, கையெழுத்து என்ர, ஆனா இப்ப பதவி விலகிற விருப்பம் எனக்கு இல்ல, அப்பிடி ஏதும் கடிதம் வந்தா ஏற்கவேண்டாம், விலகிறதெண்டா நேரில வந்து தருவன் எண்டு எழுதி, சமாதான நீதவானுக்கு முன்னால சத்தியக்கடதாசியும் முடிச்சு, மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில அனுப்புங்கோ. பிரதி சபைச் செயலாளருக்கும் கட்சிச் செயலாளருக்கும்.

விளக்கக் கடிதம் கட்டாயம் குடுக்கோணும், விசாரணைக்குக் கூப்பிட்டும் வரேல்ல, பதிலும் தரேல்ல எண்டு பிறகு அவை சொல்ல இடம் வைக்கப்படாது. வாக்களிச்சத மறைக்காதேங்கோ, கூட்ட அறிக்கையில இருக்கும். ஏன் செய்தனான் எண்டு மரியாதையா எழுதி, கட்சி யாப்பின்ர பிரதி, எதிர்க்கோணும் எண்ட முடிவு எடுத்த கூட்டத்தின்ர அறிக்கை, குற்றச்சாட்டு என்ன எண்ட விபரம் மூண்டையும் கேளுங்கோ, நேரில விசாரிக்கச் சொல்லியும் கேளுங்கோ. இதெல்லாம் முடியும்வரைக்கும் மற்றக் கட்சிக்காரரின்ர மேடையில ஏறி படம் எடுத்துப் போடாதேங்கோ, முகநூலில தலைவர்மாருக்கு ஏச்சும் வேண்டாம்.

சபையில கதையுங்கோ, தாராளமா. எம்பிமாருக்கு 1953ஆம் ஆண்டு சிறப்புரிமைச் சட்டம் குடுக்கிற பாதுகாப்பு உங்களுக்கு அந்தளவுக்கு இல்ல, அதால ஆளப் பற்றிச் சொல்லேக்க கையில கடதாசி இருக்கிறத மட்டும் சொல்லுங்கோ. அண்டைய கூட்ட அறிக்கையின்ர பிரதிய இப்பவே எடுங்கோ, இழுத்தடிச்சா 2016ஆம் ஆண்டு தகவல் அறியும் சட்டத்தில விண்ணப்பியுங்கோ.

14 நாள் எண்டது கடிதத்தின்ர திகதியில இருந்தோ உங்கட கையில கிடைச்ச நாளில இருந்தோ எண்டு கடிதத்தில பாத்து, விளங்காட்டி முந்தின திகதியையே கணக்கெடுங்கோ. வந்த கவரையும் எறிஞ்சிடாதேங்கோ, தபால் முத்திரையில திகதி இருக்கு.