ஷிப்ட் மாறினாலும் படிப்பு நிற்காமல் இருக்க என்ன வழி?

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டராக இருக்கும் 26 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எனக்கு வாரம் ஒரு ஷிப்ட். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டைம்டேபிள் போட்டால் புதன்கிழமையைத் தாண்டுவதில்லை. காலை 5 மணிக்கு எழுந்து படித்தால்தான் ஜெயிக்கலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், நைட் ஷிப்ட் வாரத்தில் அந்த நேரத்தில் நான் மெஷின் முன்னால் நிற்கிறேன். தினமும் படிக்கிற பழக்கத்தை எப்படிக் கொண்டுவருவது? பேசாமல் வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா?"

தம்பி, உங்களுக்கு மன உறுதி இல்லையோ என்ற சந்தேகத்தை முதலில் தூக்கிப் போடுங்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து வாரா வாரம் புதிதாக டைம்டேபிள் போடுகிறவருக்கு உறுதி நிறையவே இருக்கிறது. கோளாறு அந்த டைம்டேபிளில். ஒரே சூழ்நிலையில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, கொஞ்ச நாளில் அந்தச் சூழ்நிலையே நம்மைச் செய்ய வைத்துவிடும், அதுதான் பழக்கம். உங்களுக்கோ காலை 5 மணி என்பது முதல் ஷிப்டில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற நேரம், இரண்டாவது ஷிப்டில் அசந்து தூங்குகிற நேரம், நைட்டில் எப்போது மணி ஆறாகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். வாரா வாரம் சூழ்நிலை மாறினால் எந்த மூளைக்கும் பழக்கம் பிடிபடாது. அதனால் படிப்பைக் கடிகாரத்தோடு கட்டாமல், மூன்று ஷிப்டிலும் மாறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள்.

உங்களுக்கு அப்படி மாறாதது இரண்டு: தூங்கி எழுவது, கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போவது. திரும்பி வரும் பஸ்ஸை விட்டுவிடுங்கள், அதில் தூங்குவதுதான் நல்லது.

பஸ்ஸுக்கு என் யோசனை இது. ரூமில் தினசரி காலண்டர் இருக்கும். தேதி கிழிக்கும்போது அந்தத் தாளை எறியாமல், பின்பக்கம் காலியாக இருந்தால் அதில் அன்று படித்ததிலிருந்து ஐந்து கேள்விகளை எழுதுங்கள், விடை வேண்டாம், கேள்வி மட்டும். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்து பையை மடியில் வைத்ததும் தாளை எடுத்து, ஐந்துக்கும் விடையை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். முதல் ஷிப்ட் பஸ்ஸில் விளக்கை அணைத்துவிடுவார்கள், வெளியேயும் இருட்டாக இருக்கும், படிக்க முடியாது என்பீர்கள். படிக்கவே வேண்டாம், ஏறுவதற்கு முன் கேள்விகளை ஒரு முறை பார்த்துக்கொண்டு இருட்டில் கண்ணை மூடி யோசித்தால் போதும், இந்த வேலைக்கு அதுவே வசதி. விடை வராத கேள்வியைப் பிறகு புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு ஆய்வுப் பின்னணியும் உண்டு. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். காலண்டர் தாள் இங்கேயும் உதவும். வியாழக்கிழமை என்றால் போன வியாழக்கிழமை தாளையும் சேர்த்து எடுத்துப் போங்கள், ஒரு வாரம் பழைய பாடம் தானாகத் திரும்பி வந்துவிடும். தாள்களைக் கிளிப் போட்டுச் சேர்த்து வையுங்கள், எத்தனை நாள் செய்தோம் என்பதற்குத் தனியாக ஆப் எதுவும் தேவைப்படாது.

இன்னொன்று, எழுந்ததும் செய்வது. அது காலை நாலாக இருக்கட்டும், மதியம் இரண்டாக இருக்கட்டும், எழுந்து முகம் கழுவி டீ குடித்ததும் கணக்கு. குரூப் 4-இல் 200 கேள்விக்கு 300 மதிப்பெண், அதில் 25 கேள்வி திறனறிவுக் கணக்கு, அதாவது 37.5 மதிப்பெண். தனிவட்டி, விகிதம், மீ.சி.ம. எல்லாம் பள்ளிக்கூடத்தில் பார்த்ததுதான், கை பழகினால் வந்துவிடும். குறைந்தபட்சம் இரண்டு கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மனசு வந்தால் இருபது போடுங்கள், ஆனால் இரண்டு போட்டாலே அன்றைய கணக்கு முடிந்தது. இவ்வளவு சின்னதாகவா என்று தோன்றும். ஓ.டி. பார்த்துவிட்டு வந்த நாளிலும் செய்ய முடிகிற அளவுதான் நிலைக்கும் என்பதை, வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களிடம் நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். படுக்கப் போகும்போதே நோட்டைத் திறந்து கணக்கை எழுதி மேலே பேனாவை வைத்துவிடுங்கள். போனை மட்டும் கைக்கு எட்டாத இடத்தில், முடிந்தால் கதவுப் பக்கம், சார்ஜில் போடுங்கள். எழுந்ததும் அதைத் தொட்டால் அரை மணி நேரம் போய்விடும்.

"இது நடந்தவுடன் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதைப் பற்றி ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நிறைய ஆராய்ந்திருக்கிறார். 'தினமும் படிப்பேன்' என்று வெறுமனே உறுதி எடுப்பதைவிட, எப்போது, எங்கே, எப்படி என்று சேர்த்து வைப்பவர்கள்தான் அதிகம் நிறைவேற்றுகிறார்கள். ஆகவே நீங்களும் ஒரு தாளில் முழு வாக்கியமாக எழுதி ஒட்டுங்கள்.

நைட் ஷிப்ட் வாரத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்த வாரம் புதுப் பாடம் எடுக்காதீர்கள். பஸ் தாளும் இரண்டு கணக்கும் போதும், கேள்வியைப் பழைய பாடத்திலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். படித்தது மனதில் தங்குவதற்கே தூக்கம் வேண்டும், பகல் தூக்கமோ ஏற்கெனவே குறைச்சல். விடியற்காலை நாலு மணி டீ, காபியை முடிந்தவரை தவிருங்கள். உள்ளே போன காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், எட்டரைக்குப் படுத்தால் தூக்கம் எப்படி வரும்? ஜன்னலுக்குக் கெட்டியான துணி போடுங்கள். ரூமில் வேறு ஷிப்ட் பார்ப்பவர்கள் இருந்தால், 'இந்த வாரம் நைட்' என்று முன்பே சொல்லி வையுங்கள், புரிந்துகொள்வார்கள்.

சரி, எத்தனை நாளில் பழக்கமாகும்? 21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று சொல்கிற கணக்கை நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்தது. ஒரு செயல் தானாக வரச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது (12 வாரத்தைத் தாண்டுகிற நாட்கள் கணித்துச் சொன்னவை). உங்களைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் அதில் உண்டு: நடுவே ஒரு நாள் விட்டுப் போவது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. புதன்கிழமை விட்டுப்போனால் வியாழக்கிழமை பஸ்ஸில் தாளை எடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்து புது டைம்டேபிள் போடுவதுதான் உங்களை இத்தனை நாள் பின்னுக்கு இழுத்தது.

கடைசியாக, வேலையை விடுவது. இப்போது வேண்டாம். சம்பளம் நின்றால் வரும் பதற்றம் ஒரு பக்கம், நாள் முழுக்கக் காலியாகக் கிடந்தால் படிப்பு ஏதோ ஒரு மூலையில் போய் ஒதுங்கிவிடும் என்பது இன்னொரு பக்கம், வீட்டில் உட்கார்ந்து படிக்கிற பலருக்கு நடப்பது இதுதான். இந்த வார ஓய்வு நாளில் தேர்வாணைய இணையதளத்திலிருந்து ஒரு பழைய குரூப் 4 வினாத்தாளை எடுத்து, மூன்று மணி நேரம் வைத்து முழுசாக எழுதுங்கள். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், அதனால் அந்த மதிப்பெண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து வேறொரு வருடத் தாளை எழுதி, இரண்டு மதிப்பெண்ணையும் எனக்கு அனுப்புங்கள். தமிழில் 60-க்குக் கீழே இருந்தால் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஆரம்பிப்போம். மேலே இருந்தால் தேர்வுக்கு முன்னால் எத்தனை நாள் விடுப்பு சேர்த்து வைக்கலாம் என்று பார்ப்போம்.