மண்டபம் எங்கே வருகிறது?

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை பக்கம், வேலை பெங்களூரில். எங்கள் ஊர் ஐயனார் கோயிலுக்கு அடுத்த வருடம் கும்பாபிஷேகம். திருப்பணிக் குழுவில் வெளியூரில் இருக்கும் எங்களையும் சேர்த்திருக்கிறார்கள். கிழக்கே காட்டோரத்தைக் கொஞ்சம் சுத்தம் செய்து அன்னதான மண்டபம், கோயிலைச் சுற்றி சிமெண்ட் தளம், சுற்றுச்சுவர் என்று திட்டம். கும்பாபிஷேகத்தன்று 108 மரக்கன்று நடலாம் என்றேன், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, சுற்றுச்சூழலுக்காக இன்னும் என்ன செய்யலாம்? நீங்கள் எழுதினால் குழுவில் வாசித்துக் காட்டுவேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

108 கன்று நடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் ‘கொஞ்சம் சுத்தம் செய்து’ என்பதுதான். கோயில்காட்டில் புதர் என்று எதை வழிக்கப் போகிறார்கள்? பெரிய மரங்களுக்கு அடியில் குனிந்து சருகை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு இலை, நான்கு இலையோடு நிற்பவை அந்த மரங்களின் பிள்ளைகள். முழங்கால் உயரத்துக்கு வரவே சில வருடம் எடுத்துக்கொள்ளும். ஜேசிபி வாளி ஒருமுறை இழுத்தால் அவ்வளவும் போய்விடும். பெரிய மரத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை என்று குழு மனதாரச் சொல்லும், அது உண்மையாகவும் இருக்கும். இப்போது நிற்கும் மரங்கள் விழும் காலத்தில் அங்கே வேறு மரம் இருக்காது, அவ்வளவுதான். 108 கன்றில் எத்தனை அடுத்த சித்திரையைத் தாண்டும் என்பதை உங்கள் ஊர்த் தண்ணீர் நிலவரத்தை வைத்து நீங்களே சொல்லிவிடலாம்.

வீரை, காயா, உலக்கைப்பாலை மாதிரியான மரங்களோடு வறண்ட மண்ணிலும் இலை உதிர்க்காமல் நிற்கும் காடு ஒரு காலத்தில் நம் கிழக்குக் கரை நெடுகவும் இருந்தது. அதில் மிஞ்சிய துண்டுகள் பலவும் இன்று சாமி காடுகள்தான். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் வழியில் புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்குப் போனால் பார்க்கலாம். அவற்றைக் காப்பாற்றியது ‘சாமி குத்தம்’ என்ற பயம். காய்ந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுத்துப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்த ஊர்கள் உண்டு. எனக்கு அந்தப் பயம் கிடையாது. ஆனாலும் காவலாளும் வேலியும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக ஒரு காட்டை நிறுத்தி வைத்த ஏற்பாட்டைச் சாதாரணமாக நினைக்க முடியவில்லை.

அந்தப் பயத்தை இன்று தளர்த்துவது நாத்திகர்கள் அல்ல, நம் பக்திதான் என்பது என் எண்ணம். வெட்டவெளியில் குதிரைகளோடு இருந்த ஐயனாருக்குக் கையில் காசு வந்ததும் கோபுரம், கிரானைட், டைல்ஸ் என்று செய்கிறோம். செய்வது சாமிக்காக என்பதால் யாரும் குறுக்கே பேசுவதில்லை. ஒரு சந்தேகம் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாணத்துக்கும் நிலம் வாங்கவும் பூக்கட்டிப் பார்த்து சாமியிடம் உத்தரவு கேட்கிறவர்கள், காட்டோரத்தை வழிக்க ஐயனாரிடம் பூக்கட்டிக் கேட்டார்களா?

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். எத்தியோப்பியாவின் வடக்கே, தெற்கு கோந்தார் பகுதியில், மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தால் காய்ந்த வயல்களுக்கு நடுவே பச்சைப் பொட்டுகள் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் வட்டமான ஒரு தேவாலயம். அந்த நாட்டு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் காட்டைத் தேவாலயத்தின் ஆடை என்கிறார்கள். சுற்றியிருந்த காடெல்லாம் வயலாகவும் மேய்ச்சலாகவும் ஆன பிறகும் இவை நின்றன. ஆனால் மாடுகள் உள்ளே புகுந்து இளஞ்செடிகளைத் தின்றும் மிதித்தும் தீர்த்ததால் ஓரம் கரைந்துகொண்டே வந்தது. அந்நாட்டுச் சூழலியலாளர் அலெமாயெஹு வாஸ்ஸி, அமெரிக்க ஆய்வாளர் மெக் லோமனோடு சேர்ந்து குருமார்களிடம் பேசினார். வயலில் உழவுக்கு இடைஞ்சலாகக் கிடந்த கற்களை ஊர்க்காரர்கள் பொறுக்கிச் சுவராக அடுக்கினார்கள். மாடு நின்றது, செடி எழுந்தது, உழுகிறவருக்கும் வேலை மிச்சம். அந்தச் சுவர் காட்டுக்கு வெளிப்பக்கம் ஓடுகிறது. உங்கள் குழுவின் வரைபடத்தில் எங்கே ஓடுகிறது? கோயிலுக்கும் காட்டுக்கும் நடுவே என்றால் கோயில் வேறு, காடு வேறு என்று ஆகிவிடும். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் குப்பை கொட்ட அதிக நாளாகாது.

சர்ச், பள்ளிவாசல் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2015இல் போப் பிரான்சிஸ் சுற்றுச்சூழலுக்கென்றே ஒரு நீண்ட சுற்றுமடலை வெளியிட்டார். ஓடும் ஆற்றங்கரையில் ஒளு செய்தாலும், அதாவது தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவினாலும், தண்ணீரை வீணாக்காதே என்று நபிமொழி உண்டு. போதனைக்கு எந்த மதத்திலும் குறைவில்லை. நான் பார்ப்பது கையில் இருக்கும் நிலத்தை. கல்லறைத் தோட்டம், கபர்ஸ்தான், தெப்பக்குளம், கோயில்காடு ஆகியவற்றை விற்காமல், தளம் போடாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

உங்கள் குழுவுக்கு உதவும் செய்தி ஒன்று. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் காசம்பட்டியில் வீரகோயில் காடு இருக்கிறது. மாந்தோப்புகளுக்கு நடுவே 4.97 ஹெக்டேர்தான். 2025 மார்ச்சில் அரசு அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக, அதாவது உயிரின வளத்துக்காகக் காக்க வேண்டிய இடமாக, அறிவித்தது. மதுரை பக்கத்து அரிட்டாபட்டிக்கு அடுத்து தமிழ்நாட்டில் அது இரண்டாவது. நம்மூர்க் காட்டுக்கும் இது கிடைக்குமா என்று பஞ்சாயத்தில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவை விசாரிக்கச் சொல்லுங்கள். கும்பாபிஷேகப் பத்திரிகையில் போட்டுக்கொள்ள ஊருக்கு இதைவிடப் பெருமை வேண்டுமா?

மண்டபத்தைக் கோயிலுக்கு முன்னால் பொட்டலில் கட்டலாம். வண்டி நிறுத்த இடம் போய்விடும் என்பார்கள், போகட்டும். அன்னதானம் வாழையிலையில் இருக்கட்டும். சீரியல் லைட்டும் ஒலிபெருக்கியும் காட்டுக்குள் வேண்டாம். வௌவாலும் ஆந்தையும் மரநாயும் அங்கே குடியிருக்கின்றன.

நன்கொடை கொடுப்பவர் நீங்கள். தொகையை ‘காட்டின் வெளிச்சுவருக்கு மட்டும்’ என்று எழுதி ரசீது கேளுங்கள். பொருளாளர் முகம் சுளிப்பார், ஆனால் வாங்கிக்கொள்வார். மண்டபத்துக்கு வானம் தோண்டும் முன் சொல்லிவிடுங்கள்.