வார இறுதிக்கு ஒரே ஒரு தட்டு

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருநெல்வேலியில் வங்கிப் பணியில் இருக்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சனி, ஞாயிறுகளில் இருவரும் சேர்ந்து எதையாவது வாசிக்கவும் பார்க்கவும் கேட்கவும் விரும்புகிறோம். இணையத்தில் கிடைக்கும் பரிந்துரைப் பட்டியல்களைச் சேமித்து வைக்கிறோமே தவிர, எதையும் முழுமையாக முடித்ததில்லை. அறிவுத் தேடல் உள்ளவர்களுக்கு ஏற்ற சிலவற்றைத் தாங்கள் சொல்ல இயலுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இன்னொரு பட்டியலை அனுப்ப எனக்கு மனமில்லை. பத்துத் தலைப்புகளைப் பத்து நிமிடங்கள் வீதம் தொட்டுவிட்டு எழுந்தால் திங்கட்கிழமை காலையில் எதுவும் மனத்தில் தங்கியிருக்காது என்பதை நானும் பல வாரங்கள் வீணாக்கிய பின்னரே அறிந்துகொண்டேன். இரண்டு நாட்களுக்கு ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பது, பார்ப்பது, வாசிப்பது மூன்றும் அதையே சுற்றி வரட்டும். முதல் வாரத்துக்கு நான் சொல்வது, தொலைவிலுள்ள கோள்களை ஆராய நாசா 1977இல் ஏவிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் பொருத்தி அனுப்பப்பட்ட தங்க இசைத்தட்டு.

செம்பால் செய்து தங்கமுலாம் பூசிய 12 அங்குலத் தட்டு அது. வானியல் அறிஞர் கார்ல் சேகன் தலைமையிலான சிறு குழு அதற்கான ஒலிகளையும் படங்களையும் தேர்ந்தெடுத்தது. என்றாவது எங்கோ ஓர் அறிவுள்ள உயிர் இதைக் கண்டெடுத்தால் பூமியைப் பற்றி அறிந்துகொள்ளட்டும் என்பதே நோக்கம். ஏறத்தாழ 90 நிமிட இசை, 55 மொழிகளில் வாழ்த்துகள், மழையும் இடியும் திமிங்கிலப் பாடலும் முத்தத்தின் ஓசையும் கூட அதில் உள்ளன.

கேட்பதில் தொடங்குங்கள். வெள்ளி இரவே, வேறெதையும் படிக்காமல், கேசர்பாய் கேர்க்கர் பாடிய ‘ஜாத் கஹான் ஹோ’ என்ற பாடலை மகளோடு அமர்ந்து கேளுங்கள். மூன்றரை நிமிடங்கள்தான். கோவாவில் பிறந்து, அல்லாதியா கானிடம் பயின்று, ஜெய்ப்பூர் அத்ரௌலி என்ற இந்துஸ்தானி இசை மரபில் தலைசிறந்து விளங்கிய பாடகி அவர். ராகம் பைரவி. பெயரைக் கேட்டு நம் கர்நாடக பைரவியை எதிர்பார்க்க வேண்டாம். இந்துஸ்தானி பைரவியின் சுரங்கள் நமது தோடிக்கே நெருக்கமானவை. தனியாக எங்கே போகிறாய் பெண்ணே என்று பாடல் கேட்கிறது. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வாயேஜர் 1 புறப்பட்டது 1977 செப்டம்பர் 5 அன்று; செப்டம்பர் 16 அன்று கேசர்பாய் காலமானார். இந்தத் தேதிகளை அறிந்த பிறகு அந்தப் பாடலை என்னால் முன்பு போலக் கேட்க முடிந்ததில்லை.

சனிக்கிழமை காலையில் வாழ்த்துகளைக் கேளுங்கள். நாசா அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்துள்ளது. ஒவ்வொன்றும் சில நொடிகளே என்பதால் குழந்தைகளுக்குச் சலிக்காது. அமோய் எனப்படும் தென்சீன மொழியில் பேசும் பெண், விண்வெளி நண்பர்களே, நலமா, சாப்பிட்டீர்களா, நேரமிருந்தால் எங்களிடம் வந்து போங்கள் என்கிறார். வாசலில் நிற்பவரிடம் நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பதும் அதுதானே! தெலுங்கு, கன்னடம், மராத்தி, சிங்களம் எல்லாம் உள்ள அந்த வரிசையில் தமிழ் இல்லை. மகள் நிச்சயம் காரணம் கேட்பாள். வாழ்த்துகள் மிகக் குறுகிய காலத்தில், பெரும்பாலும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், அங்கே கிடைத்த பேச்சாளர்களைக் கொண்டு பதிவு செய்யப்பட்டன என்று உண்மையைச் சொல்லுங்கள். அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனால் யாரும் திட்டமிட்டு நம்மை விலக்கவில்லை.

பிறகு படங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அந்தத் தட்டிலேயே ஒலிக் குறிகளாகப் பதிக்கப்பட்டுள்ளன. அந்தப் பகுதியை ஒலிக்கவிட்டால் காதைக் குடையும் இரைச்சல்தான் கேட்கும். அதைக் கோடு கோடாக மீண்டும் படமாக்கிக் காட்டும் காணொளிகள் கிடைக்கின்றன. முதலில் தோன்றுவது ஒரு வட்டம். படத்தைச் சரியாக விரித்துவிட்டோமா என்று கண்டெடுப்பவர் சரிபார்த்துக்கொள்வதற்காக வைத்தது அது. தட்டின் உறையில் பூசிய யுரேனியம் 238ஐயும் மகளுக்கு விளக்குங்கள்: ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளில் அதில் பாதி சிதைந்துவிடும் என்பதால், எஞ்சியிருப்பதை அளந்து, விண்கலம் புறப்பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். பள்ளிப் பாடத்தில் அரை ஆயுட்காலம் வரும்போது அவளுக்கு இது நினைவுக்கு வரும்.

அன்று மாலை 2017இல் வெளிவந்த ‘தி ஃபார்தஸ்ட்’ ஆவணப்படத்தைப் பாருங்கள். பணியாற்றிய விஞ்ஞானிகளே பேசுகிறார்கள் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

வாசிப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்ததற்குக் காரணம், அதற்குள் உங்களிடம் கேள்விகள் சேர்ந்திருக்கும் என்பதே. சேகனும் அவரது குழுவினரும் 1978இல் எழுதிய ‘மர்மர்ஸ் ஆஃப் எர்த்’ நூலில், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அவர்கள் யோசித்த விதம் விரிவாக உள்ளது. ஆங்கில நூல்தான், முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. இசைத் தேர்வைப் பற்றிய பகுதியை மட்டும் நீங்கள் வாசித்து மகளுக்குத் தமிழில் சொன்னாலே போதும்.

ஞாயிறு இரவு மறுபடியும் இசைக்கு வாருங்கள். தட்டில் உள்ள 27 இசைப் பகுதிகளில் கடைசி மூன்றை அதே வரிசையில் கேட்க வேண்டும். முதலில் கேசர்பாய். அடுத்து, பார்வையற்ற டெக்சாஸ் பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927இல் பதிவு செய்தது. அதில் சொற்களே இல்லை, கிட்டார் நரம்பின் மீது வழுக்கிச் செல்லும் நாதத்தோடு ஒரு மனிதரின் முனகல் மட்டுமே. வறுமையில் வாழ்ந்து 1945இல் இறந்த அவரது குரல், வாயேஜர் 1இல் பயணித்து, சூரியனிலிருந்து வீசும் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்றின் எல்லையை 2012இல் தாண்டிவிட்டது. அதன் பின் பீத்தோவனின் நால்வர் நரம்பிசையிலிருந்து ‘கவாட்டினா’. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 13 நிமிடங்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். மகள் எதைத் திரும்பப் போடச் சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.