விட்டதைப் பிடிக்க வேண்டாம்: ஆன்லைன் ரம்மியும் சில கேள்விகளும்

நான் காட்பாடிக்காரன். ஆறு வருஷம் ரம்மியில் கிடந்து வெளியே வந்தவன், டாக்டர் இல்லை. கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆம்பூரிலிருந்து, ஷூ கம்பெனி ஊழியர்: அண்ணா, நாலு லட்சம் போச்சு. விட்டதை மட்டும் எடுத்துட்டு நிறுத்திடலாமா?

தம்பி, அந்த நினைப்புதான் நோயே. ஒரு ராத்திரி எனக்குப் பதினெட்டாயிரம் வந்தது. விடிவதற்குள் அதுவும் போய், மேலே பத்தாயிரமும் போனது. தோற்ற ராத்திரிகளைவிட அந்த ஜெயித்த ராத்திரிதான் என்னைக் கெடுத்தது. எப்போது வரும் என்று தெரியாமல் வரும் ஜெயிப்புதான் திரும்பத் திரும்ப ஆட வைக்கும். நாலு லட்சத்தைப் போனதாகவே எழுதிவிடு.

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா: பையன் கடனை அடைக்க நகையை அடகு வைக்கலாமா?

அவசரப்படாதீங்கம்மா. என் அப்பா நிலத்தை விற்று மொத்தமாக என் கையில் கொடுத்தார். இரண்டே மாதத்தில் புதுக் கடன். முதலில் லோன் ஆப், கைமாற்று, வட்டிக்கடன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத வையுங்கள். ஒன்றிரண்டை மறைப்பான், திட்டாமல் மறுபடி கேளுங்கள். கொடுப்பதாக இருந்தால் கடன்காரருக்கே நேராகக் கொடுங்கள். சம்பளம் வரும் கணக்கின் ஏடிஎம் கார்டு உங்களிடம் இருக்கட்டும், ஜிபே அவன் போனில் வேண்டாம்.

சத்துவாச்சாரியிலிருந்து: சட்டமே வந்துவிட்டதே, இன்னும் என்ன பயம்?

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் டெலிகிராமில் வேறு லிங்க் வருகிறதே! ஒன்று கவனியுங்கள்: ஆடியவருக்கு அதில் தண்டனை இல்லை. கேஸ் ஆகுமோ என்று பயந்து உதவி கேட்காமல் இருக்காதீர்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து: மனநல டாக்டரிடம் போனால் ஊர் பேசுமே?

பேசட்டும். சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கும் போகலாம். நான் மாஸ்க் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன்; அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் மாஸ்க்! நேரில் போகக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், எந்த நேரமும் இலவசம். செத்துவிடலாம் என்று தோன்றினால் பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லிவிட்டு அந்த நிமிஷமே கூப்பிடுங்கள்.

மறுபடி ஆம்பூர் தம்பி: கை அரிக்குதே அண்ணா?

அரை மணி நேரம் தாக்குப்பிடித்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். எனக்கு இன்னும் சம்பள நாளில் அரிக்கும். அன்று போனை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, காய்கறிப் பையோடு நேதாஜி மார்க்கெட் பக்கம் போய்விடுவேன்.